மைனஸ் தெரியாத பெட்டி

“செத்தவனுக்கு மானம் எதுக்கும்மா?”

ஆண்டாள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்தபோது மேலதிகாரி ஒருவர் அவளிடம் கேட்ட கேள்வி அது. அன்று அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நாளில் வேலையை விட்டாள். வில்லியனூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டினாள். இப்போது அந்தக் கேள்விக்குப் பதில் அவள் எதிரிலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

பதிலின் பெயர் வெண்ணிலா. திருபுவனையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றக்கூட மறந்துபோய் வந்திருந்தாள்.

“எங்க அப்பா திருடன் இல்ல மேடம். அத்த மட்டும் நிரூபிச்சுக் கொடுங்க. வேற எதுவும் வேணாம்.”

அப்பாவின் பெயர் தங்கராசு. அபிஷேகப்பாக்கத்தில் சாமிநாதன் என்பவருடைய நெல் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தவர். போன வாரம் பட்டப்பகலில் பம்புசெட் கொட்டகைக்குள் செத்துக் கிடந்தார். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் பெல்ட் அவருடைய வலது கையை இழுத்து, கையோடு ஆளையும் இழுத்திருந்தது. பெல்ட்டிலிருந்து விடுவித்துத் தரையில் கிடத்தியபோது வேட்டி மடியிலிருந்து சுருட்டி வைத்த வயர் ஒன்று கீழே விழுந்தது.

அந்த வயரால் வந்ததுதான் எல்லாம்.

“வயர் திருட வந்தவன் பெல்ட்டுல மாட்டிக்கிட்டான்னு சொல்லிட்டாங்க,” என்றாள் வெண்ணிலா. “அந்தப் பக்கம் பம்புசெட்டுங்கள்ல ஏற்கெனவே வயர் திருடு போயிருக்கு. எல்லாத்தையும் அப்பா தலையில கட்டிட்டாங்க. அம்மாவை நடவுக்குக் கூப்புடறதில்ல. ரேஷன் கடையில அம்மா வரிசையில நின்னா, பின்னால நிக்கிறவ பையை முன்னால இழுத்து வச்சுக்கிறா. இப்ப அம்மா வூட்ட விட்டே வெளிய வர்றதில்ல.”

ஆண்டாளின் உதவியாளன் சிலம்பரசன் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். பி.காம். படிப்பில் அவனுக்குச் சில பேப்பர்கள் பாக்கி. வாயை மூடிக்கொண்டிருக்கும் படிப்பில் எல்லாப் பேப்பரும் பாக்கி.

“வயரு போட்டோ இருக்குதா?” என்றான்.

வெண்ணிலா கைபேசியை நீட்டினாள். ஊர் வாட்ஸப் குழுவில் சுற்றிய படம். ஆளின் முகத்தை மறைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. சிலம்பரசன் முகத்தைத் தாண்டி வயருக்குப் போனான்.

“அக்கா, இது நூலு மாதிரி கீது. இத்த வித்தா டீ குடிக்கலாம், பன்னு வாங்க முடியாது.” சொன்ன பிறகுதான் எதிரே மகள் இருப்பது உறைத்தது. “மன்னிச்சுக்கம்மா.”

“இல்ல, நீ சொன்னதுதான் விஷயம்,” என்று ஆண்டாள் படத்தைப் பெரிதாக்கினாள். “பின்னால பாருடா. கட்டை விரல் தண்டிக்கு மோட்டார் கேபிள் ஓடுது. அத்தனையும் செம்பு. அத்த வுட்டுட்டு இந்த நூல எவன் எடுப்பான்? நுனியைப் பாரு. வெட்டல. பிளக்கோட உருவியிருக்குது. உருவி, சுருட்டி, முடிச்சும் போட்டிருக்குது. திருடன் வெட்டிக்கினு ஓடுவான். முடிச்சுப் போட்டு மடியில வச்சிக்கிறவன் திரும்ப மாட்டப் போறவன்.”

வெண்ணிலா முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

“இது இன்னா வயரு, தெரியுமா?”

“சென்சார் வயர் மாதிரி இருக்கு மேடம். கிணத்துல தண்ணி எவ்வளவு இருக்குன்னு மோட்டார் பெட்டிக்குச் சொல்றது. தண்ணி இருந்தா பெட்டி தானாவே மோட்டாரப் போடும். இல்லன்னா போடாது.”

“அப்பா இதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்தாரு?”

“கரியமாணிக்கம். கரும்புத் தோட்டத்துல ரொம்ப வருஷம் இருந்தாரு. இந்தத் தையிலதான் அபிஷேகப்பாக்கம் வந்தாரு.”

ஆண்டாள் கைப்பையை எடுத்தாள். சிலம்பரசன் பைக் சாவியை எடுத்தான்.

“செத்த எடத்துக்குத்தான?”

“அந்தக் கொட்டகைய சாமிநாதன் பூட்டி வச்சிருக்காரு. கரியமாணிக்கத்துக்கு வுடு. அந்த மனுசன் எப்பிடி வேலை செஞ்சாருன்னு தெரிஞ்சாதான் எப்பிடிச் செத்தாருன்னு தெரியும்.”

*

கரியமாணிக்கத்தில் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. பம்புசெட் வாசலில் வெற்றிலையை மென்றபடி நின்ற பெண்ணின் பெயர் கனகாம்பாள். தங்கராசு போன பிறகு மோட்டாரைப் பார்த்துக்கொள்வது அவள்தான். சாவுச் செய்தி அவளுக்கு வந்திருந்தது. திருட்டுப் பட்டம் வந்திருக்கவில்லை.

ஆண்டாள் அதைச் சொன்னதும் அவள் வெற்றிலையைத் துப்பினாள்.

“மடியில வயரு இருந்துச்சா?”

“ஆமா.”

“அடிப் பாவிங்களா. அது திருட்டு இல்லம்மா. பூட்டு.”

“பூட்டா?”

“உள்ள வா. காட்டறன்.”

கொட்டகைச் சுவரில் பச்சை நிறத்தில் ஒரு பெட்டி இருந்தது. மேலே ‘ஜலராணி’ என்ற ஸ்டிக்கர். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கனகாம்பாள் பெட்டியின் அடியில் கையை விட்டு மெல்லிய வயரின் பிளக்கை உருவினாள். பெட்டி ஒரு தடவை கூவியது. மோட்டார் நின்றது. வயரைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டாள்.

“இப்ப யார் வந்து எந்த பட்டனை அமுக்கினாலும் ஓடாது. கரண்டு போயி வந்தாலும் ஓடாது. வயர சுருட்டி மடியில வச்சிக்கினா போதும், மோட்டாரு தூங்கிடும். அப்புறம் பெல்ட்டுல கைய வச்சா என்ன, காலையே வச்சா என்ன.”

“மெயின ஆஃப் பண்ணக் கூடாதா?” என்று கேட்டான் சிலம்பரசன்.

கனகாம்பாள் மூலையில் துருப்பிடித்துத் தொங்கிய மெயின் கைப்பிடியைக் காட்டினாள். “தாராளமா பண்ணு. தொட்டா ஷாக்கு தோளு வரைக்கும் ஏறும். ஆம்பளப் புள்ளதான நீ, தொடு பாக்கலாம்.”

“எனக்கு இன்னும் கல்யாணம் ஆவலக்கா.”

“அப்ப மூடிக்கினு கேளு. இந்த வயரு வித்தைய கண்டுபுடிச்சதே தங்கராசு அண்ணந்தான். பெல்ட்டு மாட்டும்போது வெளிய இருந்து எவனாச்சும் தெரியாம மோட்டாரப் போட்டுடுவான். அதுக்குத்தான் வயர மடியில வைக்கிறது. மடியில இருக்கிறத எவனும் எடுத்து மாட்ட முடியாது பாரு. இந்தச் சுத்துவட்டாரத்துல எல்லாரும் இப்ப இப்பிடித்தான் செய்யிறம்.”

ஆண்டாள் பச்சைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சாமிநாதன் கொட்டகையில இருக்கிறது எந்தப் பெட்டி?”

சிலம்பரசன் கைபேசிப் படத்தை மறுபடி எடுத்தான். சுவரின் ஓரத்தில் பாதி தெரிந்தது. அதே பச்சை, அதே ஸ்டிக்கர்.

“அதே ஜலராணிதான்கா. பெயிண்ட்டு மட்டும் புதுசா கீது.”

“அப்ப வயர உருவினதும் மோட்டாரு நின்னிருக்கணும்,” என்றாள் கனகாம்பாள்.

“நின்னிருக்கணும்,” என்றாள் ஆண்டாள். “ஓடிச்சு.”

கனகாம்பாளின் கை, தன் மடியில் செருகியிருந்த வயரின் மேல் தானாகவே போய் நின்றது. “எங்க மொதலாளிகூட இத்த மாத்தி புதுப் பெட்டி போடணும்னு சொல்லிக்கினு இருக்காரு,” என்றாள்.

*

ஜலராணி பெட்டிகளைச் செய்பவர் அருள்முருகன். வில்லியனூர் பைபாஸ் ஓரம் தகரக் கூரை போட்ட பட்டறை. மேஜை முழுதும் பச்சைப் பெட்டிகள். ப்ரோக்ராம் சமாசாரம் வந்தால் புரிய வேண்டும் என்று ஆண்டாள் வெண்ணிலாவையும் கூட அழைத்து வந்திருந்தாள்.

அருள்முருகன் உட்காரச் சொன்னார், மோர் வரவழைத்தார், எதையும் மறைப்பவராகத் தெரியவில்லை. “பழைய பெட்டி, புதுப் பெட்டி ரெண்டுலயும் ஒரே ப்ரோக்ராம்தாங்க. ஒரு எழுத்துகூட மாறல. சி மொழியில எழுதினது. எழுதினவரு துபாய் போயிட்டாரு. தொடவே பயமா இருக்கும், தொடாம வச்சிருக்கேன்.”

“ரெண்டையும் மேஜையில வைங்க.”

மோட்டாருக்குப் பதிலாக இரண்டு பெட்டிகளிலும் ஒவ்வொரு பல்பு மாட்டினார். கிணற்றுக்குப் பதிலாகச் சென்சாரை ஒரு வாளித் தண்ணீரில் விட்டார். இரண்டு பல்பும் எரிந்தன.

ஆண்டாள் பழைய பெட்டியின் வயரை உருவினாள். பெட்டி கூவியது. பல்பு அணைந்தது.

புதுப் பெட்டியின் வயரை உருவினாள்.

பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

அவள் அந்த வயரைச் சுருட்டினாள், முடிச்சுப் போட்டாள், இடுப்பில் செருகினாள். பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

அருள்முருகன் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். “வயர் மாட்டியிருக்கிறப்ப எல்லாம் சரியா ஓடுச்சுங்க. நான் டெஸ்ட் பண்ணேனே. வயர உருவிப் பாக்கணும்னு தோணலயே.”

“ஒரு எழுத்துகூட மாறலன்னீங்க. வேற இன்னா மாறுச்சு?”

“பழைய சிப்பு மார்க்கெட்டுலயே கிடைக்கல. புது சிப்பு போட்டேன். புது சிப்புக்கு வேற கம்பைலர்.”

சிலம்பரசன் வெண்ணிலாவைப் பார்த்தான். “நமக்கு பி.காம். அளவுக்குச் சொல்லும்மா. அதுலயும் பெயிலான பி.காம்.”

“நாம எழுதுற ப்ரோக்ராம் சிப்புக்குப் புரியாது,” என்றாள் வெண்ணிலா. “அத்தப் படிச்சு, சிப்புக்குப் புரியிற மாதிரி மாத்திக் கொடுக்கிறது கம்பைலர். கம்பைலரு மாறுனா படிக்கிற ஆளு மாறுன மாதிரி.”

“ஒரே ஜாதகம், ரெண்டு ஜோசியரு.”

“ஆமா. ஜாதகத்துல எழுதி வச்சத ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் படிப்பாங்க. எழுதாம வுட்ட எடத்தத்தான் அவங்கவங்க இஷ்டத்துக்கு எடுத்துக்குவாங்க. அங்கதான் வம்பு.”

அருள்முருகன் மடிக்கணினியைத் திறந்து ப்ரோக்ராமைக் காட்டினார். வெண்ணிலா குனிந்து படித்தாள். எழுதியவர் ஒவ்வொன்றுக்கும் தமிழிலேயே பெயர் வைத்திருந்தார். ஆங்கில எழுத்துகளில் ‘தண்ணி’, ‘கிணறு’, ‘ஓடு’, ‘நில்லு’. அவள் விரல் ‘தண்ணி’ என்ற இடத்தில் வந்து நின்றது.

நின்ற விரல் நகரவில்லை.

“இன்னாம்மா?” என்றாள் ஆண்டாள்.

“ஒண்ணும் இல்ல மேடம்.” குரல் மட்டும் மாறியிருந்தது. “இங்கதான். தண்ணி மட்டத்த ஒரு சின்ன இடத்துல வச்சிருக்காங்க. சி மொழியில அதுக்கு ‘கேர்’னு பேரு. சென்சாரு ஒழுங்கா இருந்தா அதுல தண்ணியோட அளவு வரும். வயரு அறுந்தாலோ உருவினாலோ மைனஸ் ஒண்ணு வரும். அடுத்த வரி, தண்ணி பூஜ்யத்துக்குக் கீழ போனா மோட்டார நிறுத்து.”

“நல்ல ஏற்பாடுதான?”

“நல்ல ஏற்பாடு. ஆனா அந்தச் சின்ன இடத்துல மைனஸ் வைக்கலாமா கூடாதான்னு ஜாதகத்துல எழுதல. அந்த மொழியே அத்த கம்பைலர் இஷ்டத்துக்கு வுட்டிருக்கு. பழைய கம்பைலருக்கு மைனஸ் தெரியும். புதுசுக்கு அந்த இடத்துல மைனஸ் தெரியாது. பூஜ்யத்துல ஆரம்பிச்சு எரநூத்தி அம்பத்தஞ்சு வரைக்கும்தான் எண்ணும். மைனஸ் ஒண்ணக் கொடுத்தா அத்த எரநூத்தி அம்பத்தஞ்சுன்னு படிக்கும்.”

சிலம்பரசன் மெதுவாகக் கேட்டான். “அப்பிடின்னா வயர உருவினா...”

“கிணறு நெறைஞ்சு வழியுதுன்னு நெனைக்கும். கரண்டு வந்த ஒடனே மோட்டாரப் போட்டுடும்.”

தகரக் கூரைக்கு மேல் ஒரு லாரி ஹாரன் கடந்து போனது. புதுப் பெட்டியின் பல்பு இன்னும் எரிந்தது. யாரும் அதை அணைக்கப் போகவில்லை.

அந்த மனிதர் எப்படிச் செத்தார் என்பது ஆண்டாளுக்கு இப்போது தெரிந்தது. மின்சாரம் இல்லாத நேரம். பெல்ட் கழன்றிருக்கிறது. அவர் வயரை உருவினார், மடியில் வைத்தார், நம்பிக்கையோடு கையை உள்ளே விட்டார். மின்சாரம் வந்தது. அவர் உண்டாக்கிய பூட்டே அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது.

“சிலம்பு, கனகாம்பாளுக்குப் போன் போடு. புதுப் பெட்டிய மாட்ட வுடக் கூடாதுன்னு சொல்லு. அங்க இருக்கிற மத்தவங்களுக்கும் சொல்லச் சொல்லு.”

அவன் வெளியே போனான். அவன் திரும்பி வந்தபோது ஆண்டாள் அடுத்த கேள்வியில் இருந்தாள்.

“இவ்வளவு பெரிய தப்பு கம்பைலரு கண்ணுக்குப் படாதா?”

“படும்,” என்றாள் வெண்ணிலா. “எச்சரிக்கை கொடுக்கும். நீ கேக்குற கேள்விக்கு ஒருக்காலும் ஆமான்னு பதில் வராது, பாத்துக்கன்னு சொல்லும்.”

“அப்ப இதுல?”

“வந்திருக்கும். யாரோ நிறுத்தியிருக்காங்க. ஒரு வார்த்தை சேத்தா போதும், எச்சரிக்கை வராது. இந்த மாதிரி பழைய ப்ரோக்ராம்ல எச்சரிக்கை நூத்துக்கணக்குல வரும். முக்காவாசி ஒண்ணுத்துக்கும் ஆவாதது. வெள்ளிக்கெழம முடிச்சாவணும்னு மேல ஒருத்தரு நிப்பாரு. ஒண்ணொண்ணாப் பாக்க நேரம் இருக்காது. மொத்தமா வாய அடைச்சிடுவாங்க.”

பொதுவாகச் சொல்கிறவள் எந்தக் கிழமை என்று சொல்ல மாட்டாள். ஆண்டாள் அதைக் காதில் வாங்கிக்கொண்டாள்.

“கம்பைலர் மாத்துற வேலைய செஞ்சது யாரு?” என்று அருள்முருகனிடம் திரும்பினாள்.

“சென்னையில ஒரு ஏஜெண்டு கிட்ட கொடுத்தேங்க. என் பேரு, ஜலராணி பேரு எல்லாத்தையும் எடுத்துட்டுக் குடுக்கச் சொன்னாரு. அவரு எங்க குடுத்து வாங்கினாரோ. முடிச்சு வந்தத அப்படியே சிப்புல ஏத்திட்டேன்.”

“வாய அடைச்ச எடம் எங்கன்னு காட்டுங்க.”

அருள்முருகன் தேடினார். ஒரு ஃபோல்டரைத் திறந்தார், மூடினார். இன்னொன்றைத் திறந்தார். வெண்ணிலா திரையைப் பார்க்கவில்லை. மேஜைக்கு அடியில் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பழையசோறுல இருக்கும்,” என்றாள்.

“பசிக்குதாம்மா?” என்றான் சிலம்பரசன். “பைபாஸ்ல நல்ல பரோட்டா கடை...”

அவன் முடிக்கவில்லை. அருள்முருகனின் கை நின்றுவிட்டது. திரையில் ஃபோல்டர்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் ஆங்கிலப் பெயர்கள். கடைசியில் ஒன்று, ஆங்கில எழுத்தில், ‘பழையசோறு’.

பழைய ப்ரோக்ராமைப் புது கம்பைலருக்கு மாற்றிய கோப்புகளைப் போட்டு வைக்க யாரோ ஒருவர் விளையாட்டாக வைத்த பெயர். அதை ஊகித்துச் சொல்ல யாராலும் முடியாது. வைத்தவரால்தான் முடியும்.

சிலம்பரசன் ஆண்டாளைப் பார்த்தான். அவள் வெண்ணிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாய் தவறி வந்துச்சா, தெரிஞ்சே சொன்னியா?”

“தெரிஞ்சேதான் சொன்னன்,” என்றாள் வெண்ணிலா.

அருள்முருகன்தான் முதலில் சுதாரித்தார். மடிக்கணினியை மூடினார். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, அன்பாகப் பேசினார். அந்த அன்புதான் பயமாக இருந்தது.

“பாரும்மா. இது வெளிய போனா மொதல்ல உன் பேருதான் வரும். அப்பாவ மகளே கொன்னான்னு பேசுவாங்க. நீ நல்லா படிச்ச பொண்ணு, உன் வேலை போயிடும். போனவரு போயிட்டாரு. வயர் எடுக்க வந்தாருன்னே இருந்துட்டுப் போவட்டும். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது.”

“புதுப் பெட்டி எங்கெல்லாம் போயிருக்கு?” என்றாள் ஆண்டாள்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பாகூருக்கா? நெட்டப்பாக்கத்துக்கா?”

“சுத்துக்கேணி வரைக்கும் போயிருக்கு,” என்றார் கடைசியில்.

வெளியே பைக்கின் பக்கத்தில் வெண்ணிலா நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் சிலம்பரசனுக்கு எதையாவது பேச வாய்த்திருக்கும்.

“நீ என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு,” என்றாள் ஆண்டாள். “அப்பா திருடன் இல்லன்னு காட்டணும். அது முடிஞ்சுபோச்சு. பெட்டி கெட்டுப்போன பெட்டின்னு நான் காட்டிடறன். மிச்சம் உன் கையில.”

“முடியாது மேடம். அவரு வக்கீல் வச்சு பேசுவாரு. வயர உருவினது தப்பு, பெட்டி மேல தப்பில்லன்னு சொல்லுவாரு. கம்பைலரு எச்சரிக்கை கொடுத்துச்சு, அத்த ஒரு ஆளு நிறுத்திச்சுன்னு அந்த ஆளே வந்து சொன்னாத்தான் பெட்டி மேல தப்புன்னு ஆவும். இல்லன்னா அப்பா திருடன்தான்.”

“உங்கம்மாவுக்கு யாரு சொல்றது?”

வெண்ணிலா பைபாஸில் போகும் வண்டிகளைப் பார்த்தாள். “சாமிநாதன் கொட்டகையில எல்லார் முன்னாலயும் சொல்றப்ப அம்மாவுக்கும் சொல்லிடறன். ரெண்டு வாட்டி சொல்ல என்னால முடியாது.”

*

அபிஷேகப்பாக்கத்தில் அடுத்த வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. சாமிநாதன் கொட்டகைப் பூட்டைத் திறந்தார். பெரிய மீசை வைத்த மனிதர். கொட்டகைக்குள் போகாமல் வாசலிலேயே நின்றார். ஏட்டு ஒருவர் அந்த வயரோடு வந்து, அதைப் பெட்டியில் மாட்டினார். வெண்ணிலாவின் அம்மா காசம்மாள் கண் மட்டும் தெரியும்படி முக்காடு போட்டு, தாழ்வாரத்துக்கு வெளியே வெயிலில் நின்றாள். நிழலுக்கு வரச் சொன்னார்கள். வரவில்லை.

“சிலம்பு, வயர உருவி மடியில வை,” என்றாள் ஆண்டாள்.

“எம் மடியிலயா?” என்றான். ஆனாலும் வைத்துக்கொண்டான். பெல்ட்டிலிருந்து நன்றாகத் தள்ளிப் போய் நின்றான்.

ஏட்டு ஒரு காய்ந்த குச்சியை, இங்கேயும் துருப்பிடித்திருந்த மெயின் கைப்பிடிக்கு முட்டுக் கொடுத்து மேலே தள்ளினார். கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு பச்சைப் பெட்டியில் விளக்கு எரிந்தது. மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. பெல்ட் சுவரில் அடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. வயர் சிலம்பரசன் மடியில் இருந்தது.

ஏட்டு அவசரமாகக் குச்சியால் கைப்பிடியைக் கீழே இழுத்தார். சக்கரம் நிற்கச் சிறிது நேரம் பிடித்தது.

ஆண்டாள் நடந்ததைச் சொன்னாள். கரியமாணிக்கத்தில் பார்த்ததை, பட்டறையில் பார்த்ததை, மைனஸ் தெரியாத பெட்டியை. சாமிநாதன் கேட்டுக்கொண்டே வந்தவர், பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தாளு மொத நாளே சொன்னான்,” என்றார். “மொதலாளி, வயரு என் மடியில இருந்தா நீங்க மோட்டார் போடாதீங்க, நான் உள்ள இருக்கன்னு அர்த்தம்னு. எனக்கு ஒண்ணும் புரியல. சரிடான்னு சொல்லிட்டு அன்னைக்கே மறந்துட்டன்.” காசம்மாளைப் பார்த்துக் கையைக் கூப்பினார். “எம்மா, தங்கராசு திருடல. நான்தான் வாய்க்கு வந்தத சொல்லிட்டன். ஊருல நானே சொல்றன்.”

“ஸ்டேஷன்லயும் வந்து சொல்லணும்,” என்றார் ஏட்டு.

“சொல்றன்.”

காசம்மாள் முக்காட்டை விலக்கினாள். சில நாளாக வெயில் படாத முகம். அவள் சாமிநாதனைப் பார்க்கவில்லை. பச்சைப் பெட்டியைப் பார்த்தாள்.

“பழைய பெட்டி நல்லாத்தான இருந்துச்சு,” என்றாள். “யாரு இத்த மாத்துனது?”

ஏட்டு ஆண்டாளைப் பார்த்தார். ஆண்டாள் வெண்ணிலாவைப் பார்த்தாள். அது ஆண்டாள் சொல்ல வேண்டிய பதில் அல்ல.

“நான்தாம்மா,” என்றாள் வெண்ணிலா.

“இன்னாடி சொல்ற?”

“இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற ப்ரோக்ராம புது சிப்புக்கு மாத்திக் கொடுக்கிற வேலை எனக்குத்தான் வந்துச்சு. யாரு பெட்டின்னு எனக்குத் தெரியாது. இது தப்பா ஓடும்னு கம்ப்யூட்டரு சொல்லுச்சும்மா. நேரம் ஆவுதுன்னு அத்த நான் பாக்கல. சொல்லாதன்னு நிறுத்தி வச்சுட்டன். பாத்திருந்தா அப்பா...” கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அடையாள அட்டையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வயலில் நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தார்கள். ஏட்டு தொண்டையைச் செருமினார். சிலம்பரசன் மடியிலிருந்து வயரை எடுத்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான்.

காசம்மாள் மகளை நெடுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று ஆண்டாளால் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷம் முகங்களைப் படித்து வந்தவளுக்கு இந்த முகம் பிடிபடவில்லை.

நின்றுபோன மோட்டார் கொண்டுவந்த கடைசித் தண்ணீர் வாய்க்காலில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. காசம்மாள் குனிந்து இரண்டு கையாலும் அள்ளி முகத்தைக் கழுவினாள். முந்தானையால் துடைத்தாள். மறுபடி முக்காடு போடவில்லை.

“அம்மா,” என்றாள் வெண்ணிலா.

காசம்மாள் தொட்டுவிடும் தூரத்தில், அவளைத் தொடாமல் கடந்தாள். வரப்பில் ஏறினாள். நடவுப் பெண்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவள் தலையை நிமிர்த்தி, யாரையும் பார்க்காமல், ஊரைப் பார்த்து நடந்து போனாள்.